கிராபீன் ஓஎஸ்

கிராபீன் ஓஎஸ் என்பது திறன்பேசிகளுக்கான கட்டற்ற இயங்குதளம் ஆகும். ஆண்ட்ராய்டு திறந்த மூலத் திட்டத்தின் நிரலை அடிப்படையாகக் கொண்ட இது, பயனரின் தனியுரிமையையும் கருவியின் பாதுகாப்பையும் முதன்மை நோக்கங்களாகக் கொண்டது. கனடாவில் பதிவுசெய்யப்பட்ட இலாப நோக்கற்ற அமைப்பொன்று இதனை உருவாக்கி வருகின்றது. கூகுளின் செயலிகளோ சேவைகளோ இதனுடன் சேர்த்து வழங்கப்படுவதில்லை. எனினும் 2025 வரையிலான இதன் வெளியீடுகள் கூகுள் விற்கும் பிக்சல் திறன்பேசிகளில் மட்டுமே இயங்குவன.

பின்னணி

திறன்பேசிச் சந்தை ஏறத்தாழ முழுவதும் கூகுளின் ஆண்ட்ராய்டு, ஆப்பிளின் ஐஓஎஸ் ஆகிய இரண்டின் வசம் உள்ளது. ஆண்ட்ராய்டின் மூல நிரல் கட்டற்றது எனினும், கடைகளில் விற்கப்படும் பெரும்பாலான ஆண்ட்ராய்டு கருவிகளில் 'கூகுள் பிளே சேவைகள்' என்னும் மூடிய மென்பொருள் இணைக்கப்பட்டிருக்கும். பிற செயலிகளுக்கு இல்லாத சிறப்பு அணுக்கம் இதற்கு உண்டு. டப்ளின் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த டக்ளசு லீத் 2021 இல் வெளியிட்ட ஆய்வின்படி, பயன்படுத்தப்படாமல் இருக்கும் நிலையிலும் ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் கருவிகள் சராசரியாக 4.5 நிமிடங்களுக்கு ஒருமுறை தத்தம் நிறுவனங்களுக்குத் தரவுகளை அனுப்புகின்றன. இவ்வாய்வின் அளவீட்டு முறையைக் கூகுள் ஏற்கவில்லை.

வரலாறு

டேனியல் மைக்கே 2014 இல் தொடங்கிய பணியே பின்னர் காப்பர்கெட் ஓஎஸ் என்ற பெயரில் வெளிவந்தது. அவருக்கும் அதனை வணிகப்படுத்திய நிறுவனத்துக்கும் இடையே 2018 இல் பிளவு ஏற்பட்டது. அதன்பின் தனியே தொடரப்பட்ட திட்டம் 2019 இல் கிராபீன் ஓஎஸ் எனப் பெயர் பெற்றது. இதற்கான அறக்கட்டளை 2023 இல் நிறுவப்பட்டது.

இயல்புகள்

* பிணைய அனுமதி: எந்தவொரு செயலிக்கும் இணைய அணுக்கத்தைப் பயனர் மறுக்கலாம். உணரிகளுக்கான அனுமதியையும் அவ்வாறே மறுக்கலாம்.
* தொடர்பு எல்லை: தொடர்புப் பட்டியல் முழுவதையும் கோரும் செயலிக்கு, பயனர் தேர்ந்தெடுத்த சில பெயர்களை மட்டும் காட்டலாம். கோப்புகளுக்கும் இத்தகைய வசதி உண்டு.
* அடைப்புக்குள் கூகுள் பிளே: தேவைப்படுவோர் கூகுள் பிளே சேவைகளைத் தாமே நிறுவிக்கொள்ளலாம். அப்போது அவை சிறப்பு அணுக்கம் ஏதுமின்றி, பிற செயலிகளைப் போலவே இயங்கும். இவ்வசதி 2021 இல் அறிமுகமானது.
* தானியங்கி மறுதொடக்கம்: பூட்டிய கருவி 18 மணி நேரம் திறக்கப்படாவிடின் தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும். இதனால் பயனரின் தரவுகள் மீண்டும் முழு மறைகுறியாக்க நிலைக்குச் செல்கின்றன. இக்கால அளவைப் பயனர் மாற்றலாம்.
* வற்புறுத்தல் கடவெண்: கடவெண்ணைக் கூறுமாறு ஒருவர் வற்புறுத்தப்படும்போது, முன்னரே அமைத்துவைத்த வேறொரு எண்ணை உள்ளிட்டால் கருவியிலுள்ள தரவுகள் மீட்க இயலாதவாறு அழிக்கப்படும்.

பிக்சல் கருவிகளில் மட்டும் இயங்குவதேன்?

வேறு இயங்குதளத்தை நிறுவ முதலில் கருவியின் துவக்க ஏற்றியைத் திறக்க வேண்டும். அதனைத் திறந்தபடியே விட்டால், கருவியைக் கைப்பற்றும் எவரும் இயங்குதளத்தைத் திருத்திவிட இயலும். பல நிறுவனங்களின் கருவிகளில் வேறு இயங்குதளத்தை நிறுவியபின் ஏற்றியை மீண்டும் பூட்ட முடிவதில்லை. பிக்சல் கருவிகளில் இது இயலும்; புதிய இயங்குதளத்தின் கையொப்பமும் ஒவ்வொரு துவக்கத்திலும் சரிபார்க்கப்படும். தனிப் பாதுகாப்புச் சில்லும், பிக்சல் 8 முதல் ஏழாண்டு இற்றைப்படுத்தல் உறுதியும் பிற காரணங்களாகும்.

கணினி உலாவி ஒன்றின் வழியாக, யூஎஸ்பி வடத்தைக் கொண்டு இதனை நிறுவலாம். நிறுவும்போது கருவியிலுள்ள தரவுகள் அனைத்தும் அழிந்துவிடும் என்பதால் முன்கூட்டியே படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது.

குறைபாடுகள்

கூகுள் சான்றளித்த இயங்குதளத்தை மட்டுமே ஏற்கும் சில வங்கிச் செயலிகளும் பணம் செலுத்தும் செயலிகளும் இதில் இயங்குவதில்லை. கூகுளைச் சார்ந்திருத்தலும் முற்றிலும் நீங்கவில்லை. 2025 சூனில் ஆண்ட்ராய்டு 16 இன் மூல நிரலை வெளியிட்டபோது, பிக்சல் கருவிகளுக்கான அமைவுக் கோப்புகளைக் கூகுள் வெளியிடவில்லை. இதனால் உருவாக்குநர்களின் பணி கடினமானது. மேலும், சிம் அட்டையுடன் இயங்கும் எந்தத் திறன்பேசியும் எக்கோபுரத்துடன் இணைந்துள்ளது என்பதைத் தொலைபேசிச் சேவை நிறுவனம் அறியும். இதனை எந்த இயங்குதளத்தாலும் மறைக்க இயலாது.

பிற மாற்றுகள்

* ஈ-ஓஎஸ்: மாண்ட்ரேக் லினக்சை உருவாக்கிய கேல் டுவால் தொடங்கியது. பல நிறுவனங்களின் கருவிகளில் இயங்கும். கூகுள் சேவைகளுக்கு மாற்றாக மைக்ரோஜி என்னும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டது.
* லீனியேச் ஓஎஸ்: 2016 இல் நிறுத்தப்பட்ட சயனோசன்மாட் திட்டத்தின் தொடர்ச்சி. நிறுவனங்கள் கைவிட்ட பழைய கருவிகளுக்கும் வாழ்வளிக்கின்றது. ஆயினும் பெரும்பாலான கருவிகளில் துவக்க ஏற்றி திறந்தே இருக்கும்.
* உபுண்டு டச், போசுட்மார்க்கெட் ஓஎஸ்: ஆண்ட்ராய்டைச் சாராத லினக்சு இயங்குதளங்கள். கிடைக்கும் செயலிகள் குறைவு.

பிக்சல் கருவிகளுக்குப் பெயர்பெற்றிருந்த கலிக்ஸ் ஓஎஸ்சின் வெளியீடுகள் 2025 ஆகத்தில் இடைநிறுத்தப்பட்டன. பாதுகாப்பு இற்றைப்படுத்தல் நின்றுபோன இயங்குதளம் தனியுரிமையையும் காக்க இயலாது. ஆகவே மாற்றைத் தேடுவோர் அதன் சிறப்பியல்புகளுடன், தமது கருவிக்கு இற்றைப்படுத்தல்கள் தவறாது கிடைக்கின்றனவா என்பதையும் கவனித்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* ஆண்ட்ராய்டு
* கட்டற்ற மென்பொருள்
* மறைகுறியாக்கம்