மிச்சம் இருந்த ஈயம்

தான் விற்கும் சாமான் ஒரு நாள் பழுதாகும் என்று ஒப்புக்கொள்ள வியாபாரிக்கு லேசில் மனம் வராது. அமெரிக்காவில், ஆரிகன் மாநிலத்தில் 1946-இல் தோன்றிய டெக்ட்ரானிக்ஸ் கம்பெனியார் ஒப்புக்கொண்டார்கள். மின்சார அலைகளைத் திரையில் வரைந்து காட்டும் கருவிக்கு ஆஸிலாஸ்கோப் என்று பெயர். 1950-களில் அவர்கள் செய்த ஆஸிலாஸ்கோப்புகளில், உறுப்புகளைப் பீங்கான் பட்டைகளின் வெள்ளிப் பூச்சில் பற்றவைத்திருந்தார்கள். சாதாரண ஈயத்தால் திரும்பத் திரும்பப் பழுது பார்த்தால் அந்த வெள்ளி கரைந்துவிடும். ஆகவே வெள்ளி கலந்த ஈயத்தில் ஒரு சிறு சுருளைக் கருவிக்குள்ளேயே வைத்து அனுப்பினார்கள்!

பிறகு வால்வுகள் போய் டிரான்ஸிஸ்டர்கள் வந்தன. பழைய கருவிகள் எடைக்குப் போயின. அப்படிப் போகவிருந்த ஒன்றை நண்பர் திறந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். சுருளில் பாதி தீர்ந்திருந்தது. முன்பே யாரோ அதற்கு உயிர் கொடுத்திருக்கிறார். பாதியை நமக்கு விட்டுப் போயிருக்கிறார். "புதிது வாங்கிவிடலாமே" என்று சொல்ல வந்தவன், வாயை மூடிக்கொண்டேன்.