வெள்ளைச் சேலையும் ஒரு லட்சமும்

கே.பி. சுந்தராம்பாளின் வாழ்க்கையைக் காதல் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். 1926இல் கொழும்பு மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து நடித்தார். மறு ஆண்டு இருவருக்கும் மாயவரத்தில் திருமணம். 1933 டிசம்பர் 2ஆம் தேதி, 27 வயதிலேயே கிட்டப்பா போய்ச் சேர்ந்தார். 25 வயதுச் சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை உடுத்தி, இனி எந்த ஆணோடும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டார். இந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதையை முடித்துவிடுகிறோம். ஆனால் அதற்குப் பிறகுதான் அவர் ஏறக்குறைய 47 ஆண்டுகள் வாழ்ந்தார். பெரும் பணம் சம்பாதித்ததும், சட்ட மேலவைக்குப் போனதும், நாடு முழுக்க மதிக்கப்பட்டதும் அந்த ஆண்டுகளில்தான். துக்கத்தில் உடுத்திய வெள்ளைச் சேலை, ஒரு நாடகக்காரி தன் குரலையும் வருமானத்தையும் மானத்தையும் தன் கையிலேயே வைத்துக்கொள்ள அந்தக் காலம் விட்டுவைத்த ஒரே வழியாக ஆகிப்போனது என்பதே என் எண்ணம்.

அவர் வந்த உலகத்தைப் பார்த்தால் இது விளங்கும். 1908இல் கொடுமுடியில் பிறந்து, சிறு வயதிலேயே தகப்பனை இழந்து, ரயிலில் பாடிக் காசு வாங்கிய பிள்ளை அவர். வேலு நாயர் கம்பெனியில் சிறுவன் வேடம் போடுகிற பாலபார்ட்டாகத்தான் சேர்ந்தார். பிறகு அவர் நடித்த ஸ்பெஷல் நாடகத்தில் ஒவ்வொரு இரவுக்கும் தனித்தனியாகப் பேசி நடிகர்களை வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. நாயகன் வேடம் போடுகிற ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், நாயகி வேடம் போடுகிற ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். விடிய விடிய 'வள்ளி திருமணம்' நடக்கும். வள்ளியும் வேலனும் பாட்டிலேயே மோதிக்கொள்ளும் அந்தத் தர்க்கத்தில் யார் குரல் ஓங்குகிறது என்று பார்க்கத்தான் கொட்டகை நிரம்பும். மேடையில் எட்டுக்கட்டைச் சுருதிக்கு ஈடுகொடுத்தவர் என்று கிட்டப்பாவைச் சொல்வார்கள். அவருக்கு எதிரே நின்று சளைக்காமல் பாடியவர் சுந்தராம்பாள். அந்தக் கொட்டகையே ஸ்திரீபார்ட் நடிகையை ரசித்துக் கைதட்டிவிட்டு, மறுநாள் காலையில் அவள் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசும். கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்ட கம்பெனி நடத்தியவர். அவருடைய நாடகத்துக்காகத் தனி ரயிலே ஓடியது என்பார்கள். அவ்வளவு சம்பாதித்தவர் கடைசிக் காலத்தை வறுமையில்தான் கழித்தார். புகழும் பணமும் வந்தால் மட்டும் போதாது, அவை கைவிட்டுப் போகாமல் காக்கவும் ஏதோ ஒன்று தேவைப்பட்டது.

கிட்டப்பாவுடனான இல்லறம் அந்தப் பாதுகாப்பைத் தரவில்லை. கிட்டப்பா செங்கோட்டைப் பிராமணர், ஏற்கெனவே மணமானவர். சாதி விட்டு மணந்த இரண்டாம் மனைவியாகத்தான் சுந்தராம்பாள் வாழ்ந்தார். அவர் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்களில் அன்பு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு மனத்தாங்கலும் இருக்கிறது. அன்றைய சட்டமும் பெண் பக்கம் நிற்கவில்லை. 1937ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை கூட்டுக் குடும்பச் சொத்தில் இந்து விதவைக்குப் பங்கு கிடையாது. சோறும் துணியும் கொடுத்தால் போதும். ஆக, 1933 முடிவில் அவருக்கென்று இருந்தது அவருடைய தொண்டை ஒன்றுதான்.

அந்தத் தொண்டைக்கு விலை பேசப்பட்டது 1935இல். 'நந்தனார்' படத்தைத் தயாரித்த அசன்தாஸ் கொடுத்த சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். தட்டிக்கழிப்பதற்காகத்தான் அவ்வளவு பெரிய தொகையைக் கேட்டார், அவர்கள் சம்மதித்துவிட்டார்கள் என்று சொல்வதுண்டு. எப்படி இருந்தாலும் அந்தத் தொகையைச் சற்று நிறுத்துப் பார்க்க வேண்டும். பவுன் 30 ரூபாய்க்கும் குறைவாக விற்ற காலம் அது. ஒரு லட்சத்துக்கு மூவாயிரம் பவுனுக்கு மேல் வாங்கலாம். அந்தச் சம்பளம் அழகுக்கு வந்ததல்ல. அவர் போட்டது ஆண் வேடம். மேடையும் கிராமபோன் தட்டும் ஏழெட்டு ஆண்டுகளாக ஊர் ஊராகச் சேர்த்து வைத்திருந்த புகழைத்தான் சினிமா மொத்தமாக விலைக்கு வாங்கியது. கல்கி அந்தப் படத்தைக் கடுமையாக விமர்சித்தார், படமும் ஓடவில்லை. அதனால் சுந்தராம்பாளின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

அவருடைய துக்கத்தைக் கணக்குப் பார்த்துச் செய்த காரியம்போல் ஆக்கலாமா என்று கேட்பார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. துக்கம் உண்மையானது; கடைசிவரை அவர் அதை விட்டு வெளியே வரவேயில்லை. ஒருவர் மனம் நொந்து எடுத்த முடிவு, அவர் நினைக்காத கதவுகளையும் திறந்துவிடக்கூடும் என்றுதான் சொல்கிறேன். ஸ்திரீபார்ட் நடிகையைக் கட்சி மேடையில் ஏற்றத் தயங்கியிருக்கக்கூடிய ஊர், வெள்ளைச் சேலையும் திருநீறுமாக வந்தவரை எழுந்து நின்று வரவேற்றது. சத்தியமூர்த்தியின் காங்கிரஸுக்காக அவர் தேர்தல் மேடைகளில் பாடினார். 1950களில் சட்ட மேலவை உறுப்பினரானார்.

குரல் இருந்தது, அதனால் வென்றார். இதில் சேலை எங்கே வந்தது என்பார்கள் இன்னும் சிலர். குரல் சம்பளத்துக்குக் காரணம் சொல்லும். அந்தச் சம்பளம் யார் கையில் தங்கியது என்பதற்கு அது காரணம் சொல்லாது. எம்.எஸ். சுப்புலட்சுமிக்கும் நிகரற்ற குரல்தான். 1941இல் 'சாவித்திரி' படத்தில் அவர் நாரதராக நடித்துப் பெற்ற பணம், அவருடைய கணவர் சதாசிவமும் கல்கியும் தொடங்கிய பத்திரிகைக்கு முதலானது. அது பெருந்தன்மையான காரியம், நல்ல பத்திரிகையும் கிடைத்தது. ஆனாலும் எம்.எஸ்ஸின் வருமானம் எங்கே போக வேண்டும் என்று தீர்மானித்தவர் சதாசிவம். சுந்தராம்பாளுக்கு அப்படி ஒருவர் இல்லை. அவர் தன் சொந்த ஊரிலேயே ஒரு சினிமா தியேட்டர் கட்டினார்.

இதற்காக அவர் கொடுத்த விலையையும் மறைக்கக்கூடாது. நந்தனார், மணிமேகலை, 1953இல் ஜெமினியின் ஔவையார், 1964இல் 'பூம்புகார்' கவுந்தியடிகள், 1973இல் காரைக்கால் அம்மையார் என்று அவர் ஏற்ற வேடங்களைப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாரும் இல்வாழ்வைக் கடந்தவர்கள். இளமையே வேண்டாம், முதுமை தா என்று வேண்டிப் பெற்றவர் ஔவை என்பது மரபு. அழகிய உடலை உதறிப் பேய் வடிவம் கேட்டவர் காரைக்கால் அம்மையார். 'காரைக்கால் அம்மையார்' படத்தில் புனிதவதியின் இளமைப் பருவத்துக்கு லட்சுமி நடித்தார். வடிவம் மாறிய பிறகுதான் சுந்தராம்பாள் வருகிறார். தமிழ்ச் சமூகம் பெண்ணைத் தனியாக நடமாட விட்ட பழைய பாதை அதுதான். அவர் அதில் நடந்தார். சிரிக்கும், ஊடும், காதலிக்கும் பெண்ணாக அவரைத் திரையில் நாம் பார்க்காமலே போனோம். வள்ளியாகக் கொட்டகையைக் கட்டிப்போட்ட நடிகைக்கு அது சிறிய இழப்பல்ல.

1969இல் 'துணைவன்' பாடல்களுக்காகச் சிறந்த பாடகிக்கான தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீயும் வந்தன. 1980இல் காலமானார். அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் இரண்டு எழுத்துகளில் 'கே' கொடுமுடி. 'பி' அவரை வளர்த்த தாய் பாலாம்பாள்.