ஒப்புதல்

ஒன்றுக்கு உடன்படுதல். ஒத்தல், ஒப்பு, கையொப்பம் என்பனவும் இதே அடியில் பிறந்தவை. ‘சம்மதம்’ வடசொல், யாழ்ப்பாணப் பேச்சில் அது ஒற்றை ‘ஓம்’ ஆகிவிடும்.

ஆய்வு நெறியில் ஒப்புதல் ஆழ்ந்த பொருள் பெற்றது 1947இன் நூரம்பேர்க் நெறிக்கோவையால்: பங்கேற்பவர் தாமாக விரும்பி ஒப்புவதே அதன் முதல் விதி. ஆனால் அது தனியாளை மனதில் வைத்தது. ஊரோடு சேர்ந்து நடத்தும் ஆய்வில் அது போதாது.

எடுத்துக்காட்டாக, யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில் நைத்திரேற்று மிகுந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வாழைத் தோட்டங்கள் நிறைந்த நீர்வேலியில் ஆய்வுக்குக் கிணற்று நீர் எடுக்க வீட்டுக்காரர் ‘ஓம்’ என்றால் போதுமா? அடியில் உள்ள நீர் எல்லார்க்கும் பொது. ஒரு கிணற்றின் ஆய்வு முடிவு அயல் வளவின் குடிநீரையும் காணி விலையையும் தோட்டக்காரரின் உரப் பழக்கத்தையும் தொடும். கிணற்றின் இடம் வரைபடத்தில் வெளிவந்தால் பெயரை மறைத்தும் பயனில்லை.

ஆகவே இங்கே ஒப்புதல் என்பது படிவத்தில் இடும் கையொப்பம் மட்டுமன்று. என்ன கேட்பது, முடிவை யாருக்குச் சொல்வது என்பதிலும் ஊராரின் உடன்பாடு வேண்டும். இடையில் விலகும் உரிமையும் அதில் அடங்கும். கிணற்றுக்காரர் அறியுமுன் ஆய்விதழ் அறிவது இச்சொல்லுக்குப் பொருந்தாது.