சித்திரகாரப்புலி: கல்வெட்டிலும் கதையிலும் மகேந்திரவர்மன்

முதலாம் மகேந்திரவர்மன் (ஆட்சிக்காலம் சுமார் பொ.யு. 600–630) காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவ அரசன். குடைவரைக் கல்வெட்டுகளில் காணப்படும் அவனது பட்டப்பெயர்களுள் ஒன்று ‘சித்திரகாரப்புலி’. ஓவியர்களுள் புலி போன்றவன் என்பது இதன் பொருள். ஆனால் அவன் கையால் வரைந்தது என உறுதியாகச் சொல்லத்தக்க ஓவியம் ஒன்றுகூட இன்று இல்லை. பட்டப்பெயருக்கும் ஓவியத்துக்கும் இடையிலுள்ள இந்த வெற்றிடத்தை 20-ஆம் நூற்றாண்டின் வரலாற்றுப் புதினம் நிரப்பியது. கலைஞன் மகேந்திரன் என்றவுடன் தமிழ் வாசகர் மனதில் எழும் உருவம் பெரும்பாலும் அங்கிருந்து வந்ததே.

கல்வெட்டுச் சான்றுகள்

விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்துக்கு வடமேற்கே, விழுப்புரம்–செஞ்சி சாலையை ஒட்டி மண்டகப்பட்டு குடைவரை உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இன்றி, பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் இக்கோயிலை அமைத்தான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனின் மற்றொரு பட்டப்பெயர். புதுமை நாட்டம் கொண்ட ஒருவனை இக்கல்வெட்டில் காணலாம். ஓவியனைக் காண இயலாது.

மாமண்டூரிலுள்ள சிதைந்த கல்வெட்டில் ‘தட்சிணசித்திரம்’ என்ற சொல் வருகிறது. ஆய்வாளர்கள் இதனை ஓவிய நூல் ஒன்றுடன் தொடர்புபடுத்துவர். அந்நூல் கிடைக்கவில்லை. அவன் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்னும் அங்கத நாடகம் மட்டும் முழுமையாகக் கிடைத்து, 1917-இல் திருவனந்தபுரத்தில் த. கணபதி சாஸ்திரியால் பதிப்பிக்கப்பட்டது.

பெரியபுராணத்தில்

கல்கிக்கு முன்பே மகேந்திரனுக்குக் கதையுருவம் தந்தவர் சேக்கிழார். 12-ஆம் நூற்றாண்டின் பெரியபுராணத்தில், திருநாவுக்கரசரைத் துன்புறுத்திப் பின் சைவனாக மாறும் பல்லவன் ஒருவன் வருகிறான். பண்ருட்டியை அடுத்த திருவதிகையில் அவன் குணபரவீச்சரம் எடுத்ததாகப் புராணம் சொல்கிறது. ‘குணபரன்’ மகேந்திரனின் பட்டப்பெயர் என்பதால் ஆய்வாளர்கள் அவனே இவன் என்றனர். சேக்கிழாருக்கு வேண்டியது மனம் மாறிய அரசன், ஓவியன் அல்லன். ஆகவே அங்கே தூரிகைக்கு இடமில்லை.

கல்கியின் புதினங்களில்

‘சிவகாமியின் சபதம்’ கல்கி இதழில் 1944 முதல் 1946 வரை தொடராக வந்தது. அதில் மகேந்திரன் கலை வேட்கையும் அரச கடமையும் மோதும் மனிதனாகிறான். சாளுக்கியன் புலிகேசியின் படையெடுப்பு கலைகளுக்குக் குறுக்கே வருகிறது. மகேந்திரன் வஜ்ரபாகு என்னும் பெயரில் மாறுவேடத்தில் திரிகிறான்.

வண்ணங்களின் மீதான தீராத ஆசையைக் கல்கி சிற்பி ஆயனரிடம் வைத்தார். ஆயனர் கற்பனைப் பாத்திரம். அஜந்தாவின் அழியாத வர்ண இரகசியத்தை அறிய அவர் துடிக்கிறார். அந்தத் துடிப்பைப் பயன்படுத்தியே நாகநந்தி பரஞ்சோதியின் கையில் ஓலை கொடுத்து அனுப்புகிறார். ஓவிய வேட்கை ஒன்றே அரசியல் சதிக்குக் கருவியாகிறது. பல்லவர் வண்ணங்கள் மறைந்துபோயின என்னும் உண்மையான இழப்பு இங்கே கதையின் உந்துவிசையாக மாறியுள்ளது.

இதற்கு முன் 1941–43 காலத்தில் வந்த ‘பார்த்திபன் கனவு’ புதினத்திலும் ஓவியம் உண்டு. சோழ மன்னன் பார்த்திபன் தன் நாட்டின் எதிர்காலப் பெருமையைச் சித்திரங்களாக எழுதி வைக்கிறான். 1960-இல் டி. யோகானந்த் இயக்கத்தில் இக்கதை திரைப்படமானது. ஜெமினி கணேசன், வைஜயந்திமாலா, எஸ். வி. ரங்காராவ் நடித்தனர்.

சித்தன்னவாசல் கருத்து

கற்பனையின் பாதிப்பு புதினங்களோடு நிற்கவில்லை. ‘ஓவிய அரசன்’ என்னும் ஈர்ப்பு ஆய்விலும் இருந்தது. சித்தன்னவாசல் ஓவியங்களை மகேந்திரன் காலத்தவை என்று 1920-இல் ழுவோ துப்ரேய் எழுதினார். அங்குள்ள கல்வெட்டோ, 9-ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் இளங்கௌதமன் என்பவர் குடைவரையைப் புதுப்பித்ததைச் சொல்கிறது. அதன் அடிப்படையில் இன்று அவ்வோவியங்கள் பாண்டியர் காலத்தவை எனப் பெரிதும் கருதப்படுகின்றன. ஆயினும் பழைய கருத்து இன்றும் நூல்களிலும் பேச்சிலும் தொடர்கிறது.

பிற ஓவியர்களுடன் ஒப்பீடு

ஓவியர்களைக் கதையாக்குவது உலகெங்கும் உள்ள வழக்கம். ராஜா ரவி வர்மாவைப் பற்றி ரஞ்சித் தேசாய் மராத்தியில் எழுதிய புதினம் கேத்தன் மேத்தாவின் ‘ரங் ரசியா’ திரைப்படத்துக்கு அடிப்படையாயிற்று. ரவி வர்மாவுக்கு ஓவியங்களும் உண்டு, வாழ்க்கைச் செய்திகளும் உண்டு. டச்சு ஓவியர் வெர்மீருக்கு ஓவியங்கள் உண்டு, வாழ்க்கைச் செய்திகள் குறைவு. அக்குறையில்தான் டிரேசி செவாலியரின் புதினமும் 2003-ஆம் ஆண்டுத் திரைப்படமும் பிறந்தன. மகேந்திரனின் நிலை வேறு. அவனுக்கு எஞ்சியது பட்டப்பெயர் மட்டுமே. அதனால் கதாசிரியருக்குக் கிடைத்த சுதந்திரம் பெரிது. கதையை வரலாறாகக் கொள்ளும் வாய்ப்பும் அதே அளவு பெரிது.

பனமலை

விழுப்புரம் மாவட்டத்தில் பல்லவர் ஓவியத்தை நேரில் காண விரும்புவோர் செல்லவேண்டிய இடம் பனமலை தாளகிரீசுவரர் கோயில். சிவனின் நடனத்தைக் காணும் உமையின் உருவம், தலைக்கு மேல் குடையுடன், அங்கே சிதைந்த நிலையில் எஞ்சியுள்ளது. கோயிலை எடுத்தவன் இராசசிம்மன். மகேந்திரனுக்கு ஏறத்தாழ நூறாண்டு பிற்பட்டவன். சித்திரகாரப்புலியின் வண்ணங்கள் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க, இவ்வட்டாரத்தில் கிடைக்கும் மிக நெருங்கிய சான்று அதுவே.