மாதம் 4 டாலர்

1783 கோடையில் பிலடெல்பியாவில் விஷக் காய்ச்சல். நினைவு தப்பிக் கிடந்த ராபர்ட் ஷர்ட்லிஃப் என்ற சிப்பாயைப் பரிசோதித்த டாக்டர் பார்னபஸ் பின்னி, மார்பில் இறுகச் சுற்றியிருந்த துணியைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டார். ஊரைக் கூட்டவில்லை. தம் வீட்டுக்கே அழைத்துப்போய் வைத்தியம் செய்தார்.

சிப்பாயின் உண்மைப் பெயர் டெபோரா சாம்ப்சன். மாசசூசெட்ஸின் பிளிம்ப்டனில் 1760-ல் பிறந்தவர். அப்பா குடும்பத்தை அம்போவென்று விட்டுப் போக, 18 வயதுவரை அடுத்தவர் பண்ணையில் ஒப்பந்தப் பணிப்பெண். பிறகு தறி நெய்தார். பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1782 மே மாதம் ஆண் உடையில் போய் 4-வது மாசசூசெட்ஸ் ரெஜிமென்டில் சேர்ந்தார்.

இந்த மாதத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஹெர்மன் மான் 1797-ல் எழுதிய இவரது வாழ்க்கை வரலாறு, யார்க்டவுன் முற்றுகையிலேயே இவரைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஆனால் அங்கே பிரிட்டிஷ் படை சரணடைந்தது 1781 அக்டோபரில்! அப்போது டெபோரா ராணுவத்திலேயே இல்லை. இந்தப் பொய்க்கு அவசியமும் இல்லை. யார்க்டவுனுக்குப் பிறகும் நியூயார்க் நகரம் பிரிட்டிஷார் கையில்தான் இருந்தது. அதைச் சுற்றிய கிராமங்களில் சில்லறைச் சண்டைகள் ஓயவில்லை. டெபோரா காயம்பட்டது அவற்றில்தான். புகழ்பெற்ற போரில் இருந்தால்தான் மதிப்பு என்று மான் நினைத்திருக்க வேண்டும்.

1783 அக்டோபரில் வெஸ்ட் பாயின்ட்டில் ஜெனரல் நாக்ஸ் இவரைப் படையிலிருந்து கௌரவமாகவே விடுவித்தார். சம்பள பாக்கிதான் வரவில்லை. கல்யாணமாகி, மூன்று பிள்ளைகளுக்குத் தாயான பிறகு, 1792-ல் மாசசூசெட்ஸ் சட்டசபைக்கு மனுப் போட்டார். 34 பவுண்டு வட்டியோடு கிடைத்தது. கூடவே அந்தத் தீர்மானம், படையில் இருந்த காலத்தில் இவரது கற்புக்கு எந்தப் பங்கமும் வரவில்லை என்று சான்றிதழும் வழங்கியது. சம்பள பாக்கி கேட்ட எந்த ஆண் சிப்பாய்க்கும் இந்தச் சான்றிதழ் தேவைப்பட்டிருக்காது.

வறுமை தீரவில்லை. 1802-ல் ஊர் ஊராகப் போய் மேடையில் பேசினார். பேச்சு முடிந்ததும் ராணுவ உடையில் துப்பாக்கிப் பயிற்சி செய்து காட்டுவார். டிக்கெட் அதற்குத்தான் விற்றிருக்கும்.

பக்கத்து ஊரில் இருந்த பால் ரிவியர் (1775-ல் குதிரையேறிப் போய், பிரிட்டிஷ் படை வருகிறதென்று எச்சரிக்கை செய்த அதே ரிவியர்தான்) இவருக்காக 1804-ல் காங்கிரஸ் உறுப்பினர் வில்லியம் யூஸ்டிஸுக்குக் கடிதம் எழுதினார். நெட்டையான, ஆண்தன்மை மிக்க ஒருத்தியை எதிர்பார்த்துப் போனதாகவும், பார்த்ததோ படித்த, பாங்கான ஒரு குடும்பப் பெண்ணை என்றும் அதில் ஒப்புக்கொள்கிறார். மறு ஆண்டே பென்ஷன் வந்தது, மாதம் 4 டாலர். அது எந்த மூலைக்கு? 1806-ல் அதே ரிவியரிடம் 10 டாலர் கைமாற்று கேட்டு எழுதியிருக்கிறார்.

1827-ல் டெபோரா இறந்தார். கணவர் பெஞ்சமின் கேனெட், படைவீரரின் துணைவர் என்ற முறையில் பென்ஷன் கேட்டார். விதவைகளுக்குச் சட்டத்தில் இடமிருந்தது. மனைவியை இழந்த கணவனுக்கு? அப்படியோர் ஆள் இருப்பான் என்று சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவே இல்லை. காங்கிரஸ் தனிச்சட்டமே போட வேண்டியதாயிற்று. 1838-ல் 466 டாலர் 66 சென்ட் அனுமதித்தார்கள். கேனெட் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டதால், பணம் வாரிசுகளுக்குப் போனது.