தேவாலயத்தில் மைக் புகுந்த கதை

கல்லுக்குக் காது கிடையாது என்று சொல்லுகிறார்கள். இருக்கலாம். ஆனால் அதற்கு வாய் உண்டு. நாம் ஒரு வார்த்தை சொன்னால் அது பத்துத் தடவை திருப்பிச் சொல்லும். லண்டன் மாநகரத்தில் இருக்கிறதே செயின்ட் பால் தேவாலயம், அதன் கல் இந்த விஷயத்தில் பெரிய வாயாடி. கிறிஸ்டபர் ரென் என்ற மேதை 1675-ல் தொடங்கி, முப்பத்தைந்து வருஷம் கட்டிய கட்டடம் அது. உள்ளே ஜனங்கள் இல்லாத சமயத்தில் கையைத் தட்டினால் அந்தச் சப்தம் அடங்குவதற்குப் பத்து வினாடிக்கு மேல் ஆகும்.

பாடுகிறவர்களுக்கு இது பெரிய பாக்கியம். ஒரு ஸ்வரம் மறைவதற்குள் அடுத்த ஸ்வரம் வந்து அதன் தோளில் கை போட்டுக்கொள்ளும். சுமாரான குரலும் தேவகானமாகிவிடும். ஆனால் பேசுகிறவரின் பாடு? முந்திய வாக்கியத்தின் வால் அடங்குவதற்குள் அடுத்த வாக்கியத்தின் தலை வந்து நிற்கும். இரண்டும் சிக்கிக்கொண்டால் பின்வரிசைக்காரருக்குப் போய்ச் சேருவது வெறும் முழக்கம்தான். அதனால்தான் பழைய நாளில் பாதிரிமார் ஜபங்களைப் பேசாமல் ராகமாக இழுத்து ஓதினார்கள். பிரசங்கத்துக்கு முக்கியத்துவம் வந்த பிற்பாடு, பிரசங்கியை ஓர் உயரமான மேடையில் ஏற்றி, அவர் தலைக்கு மேலே குடை மாதிரி ஒரு பலகையைக் கட்டினார்கள். குரல் கோபுரத்துக்குள் ஏறிப் போகாமல் ஜனங்கள் பக்கம் திரும்பட்டும் என்பதற்காக.

கதை எழுதுகிறவனுக்கு ஒலிபெருக்கியில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தேவாலயங்களில் மைக் எப்படி வந்தது என்று ஏதோ பொழுதுபோக்காகப் படிக்கப் புகுந்தேன். போகப் போக, அதற்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டிருப்பது தெரிந்தது. வழக்கு என்றால் கதைக்காரனுக்குக் கொள்ளை ஆசை அல்லவா? இந்த வழக்கில் வாதி, பிரதிவாதி இரண்டு பேருமே கேட்கிறவர்கள். ஒருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர். மற்றவர் கோவிலுக்கே வராதவர். படுக்கையில் இருப்பவர், கடலுக்கு அப்பால் இருப்பவர், இன்னும் பிறக்காதவர் எல்லாரும் அவரில் சேர்த்தி. மைக் யாருடைய காதுக்காக என்பதுதான் வழக்கு. நூறு வருஷத்துக்கு மேலாகியும் தீர்ப்பு முடிந்தபாடில்லை.

முதலில் முந்திக்கொண்டவர் வராதவர்தான். 1895 முதல் லண்டனில் எலக்ட்ரோபோன் என்று ஒரு கம்பெனி, நாடகத்தையும் சங்கீதத்தையும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தையும் டெலிபோன் கம்பி வழியாகச் சந்தாதாரர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தது. நாற்காலியில் சாய்ந்தபடி, குழாயைக் காதில் வைத்துக்கொண்டு புண்ணியம் தேடிக்கொள்ளலாம்!

அடுத்தது ஒலிப்பதிவு. அந்நாளில் இசைத்தட்டு எடுப்பது பெரும்பாடு. பாடகர் ஒரு பெரிய புனலின் வாய்க்கு எதிரே நின்றுகொண்டு உரக்கப் பாடவேண்டும். குரலின் பலத்தினாலேயே ஊசி அசைந்து மெழுகில் கோடு கிழிக்கும். இப்பேர்ப்பட்ட புனலை ஒரு பெரிய தேவாலயத்தில் எங்கே கொண்டுபோய் வைப்பது? 1920-ம் வருஷம் நவம்பர் 11-ந் தேதி, முதல் உலக யுத்தத்தில் மடிந்த பெயர் தெரியாத போர்வீரன் ஒருவனை லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் அடக்கம் செய்தார்கள். அன்று லயனல் கெஸ்ட், ஹொரேஸ் மெரிமன் என்ற இருவர் புனலை விட்டுவிட்டு, மைக்குகளைத் தேவாலயத்துக்குள் வைத்துக் கம்பி வழியே ஒலியை வெளியே எடுத்துவந்து பதிவு செய்தார்கள். பதிவானதில் இரண்டு பாமாலைப் பாட்டுகள் மட்டுமே விற்பனைக்குத் தேறின. அவையும் மங்கலும் மசங்கலுமாக, கம்பளிக்குள்ளிருந்து பாடுவதுபோல்தான் இருந்தன. ஆனாலும் மின்சார முறையில் பதிவாகிப் பொதுஜனங்களுக்கு விற்கப்பட்ட முதல் இசைத்தட்டு அதுதான். அந்தப் போர்வீரன் யாருடைய பிள்ளை என்று யாருக்குமே தெரியாது. ஆகவே பிள்ளையைப் பறிகொடுத்த ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையாகவே நினைத்துக்கொண்டு தன் வீட்டில் அந்தத் தட்டைக் கேட்டிருக்க முடியும். வராதவரின் கட்சிக்கு இதைவிடப் பலமான சாட்சி வேண்டுமா?

இரண்டே மாதம் கழித்து, 1921 ஜனவரி 2-ந் தேதி, அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துக் கால்வரி தேவாலயத்திலிருந்து கே.டி.கே.ஏ. என்ற வானொலி நிலையம் மாலை ஆராதனையை ஒலிபரப்பியது. யந்திரத்தைப் பார்த்துக்கொள்ள வந்த பொறியாளர்கள் ஜனங்களின் கண்ணை உறுத்தக் கூடாது என்று அவர்களுக்குப் பாடகர் குழுவின் அங்கியை மாட்டிவிட்டார்களாம். அவர்களில் ஒருவர் யூதர், மற்றவர் கத்தோலிக்கர் என்று சொல்வார்கள். புராட்டஸ்டண்ட் ஆராதனைக்கு நல்ல துணைதான்!

எல்லாரும் இதற்கு இணங்கிவிடவில்லை. 1923-ல் யார்க் கோமகனின் விவாகத்தை ஒலிபரப்ப பி.பி.சி. அனுமதி கேட்டபோது, வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியின் பெரியவர்கள் மறுத்துவிட்டார்கள். சாராயக் கடையில் தலையில் தொப்பியோடு உட்கார்ந்துகொண்டு எவனாவது ஜபத்தைக் கேட்பானே என்பது அவர்களுடைய பயம். நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அந்தப் பயத்துக்குள் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. கேட்பது வேறு, கூடியிருப்பது வேறு அல்லவா? கேள்வி நின்றது, மறுப்பு நிற்கவில்லை. அடுத்த வருஷமே செயின்ட் மார்ட்டின் தேவாலயத்திலிருந்து பி.பி.சி. ஆராதனையை ஒலிபரப்பியது.

1927-ல் நடந்ததை மட்டும் சற்று நிதானமாகச் சொல்லவேண்டும். லண்டன் டெம்பிள் தேவாலயத்தின் வாசலில் ஹெச்.எம்.வி. கம்பெனியின் ஒலிப்பதிவு வண்டி வந்து நின்றது. பாட இருந்தவன் எர்னஸ்ட் லஃப் என்ற பதினைந்து வயதுப் பையன். ஆர்கன் வாசித்தவர் தால்பன்-பால். பாட்டு மெண்டல்சன் இயற்றியது. பையனுக்கு உயரம் போதாமல் கனத்த புத்தகங்களின் மேல் ஏறி நின்று பாடினான் என்று ஒரு கதை உண்டு. ஆறு மாதத்தில் ஆறரை லட்சம் தட்டுகள் விற்றன. அச்செடுத்து அச்செடுத்து மூலத்தட்டே தேய்ந்துபோய், மறு வருஷம் திரும்பவும் பாடவைத்துப் பதிவு செய்தார்கள். 1941 மே மாதம் 10-ந் தேதி இரவு ஜெர்மன் விமானங்கள் வீசிய குண்டில் டெம்பிள் தேவாலயம் தீப்பற்றி எரிந்தது. அந்த ஆர்கனும் சாம்பலாகிவிட்டது. பையனுடைய குரலோ அதற்கு வெகு காலம் முன்பே உடைந்து ஆண்குரலாக மாறியிருந்தது. ஆனால் அந்த ஆர்கனும், அந்தப் பிள்ளைக் குரலும், தீ தொடாத அந்தக் கல்லின் எதிரொலியும் தட்டில் பத்திரமாக இருந்தன. இன்றைக்கும் இருக்கின்றன.

இதெல்லாம் சரி; கடைசி பெஞ்சுக்காரர் என்ன ஆனார்? அவரைப் பற்றிக் கவலைப்பட 1951-52-ல் இரண்டு பேர் வந்தார்கள். பார்க்கின், டெய்லர் என்பது அவர்கள் பெயர். அவர்கள் எடுத்துக்கொண்டதோ வாயாடிக் கல்லான செயின்ட் பால் தேவாலயத்தையே.

கல்யாண வீட்டில் பந்தலில் ஒரு ஒலிபெருக்கியும் தெருமுனையில் ஒன்றுமாகக் கட்டியிருப்பதை நாம் கேட்டிருக்கிறோம். நடுவில் நிற்கிறவனுக்கு ஒவ்வொரு வார்த்தையும் இரண்டு தடவை விழும். காரணம் சுலபம். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். கம்பியில் போகும் மின்சாரத்துக்கு நேரமே ஆகாது. ஆகவே 34 மீட்டர் தூரத்திலுள்ள ஒலிபெருக்கி, பிரசங்கியின் நேர்க்குரல் வந்து சேருவதற்குப் பத்தில் ஒரு வினாடி முன்னதாகவே பேசிவிடும். பிரசங்கி ஒரு பக்கம் நிற்க, குரல் இன்னொரு பக்கத்துத் தூணிலிருந்து வரும்.

இதற்கு மருந்து ஜெர்மனியில் கிடைத்தது. 1949-ல் கோட்டிங்கன் சர்வகலாசாலையில் ஹெல்முட் ஹாஸ் என்பவர் நம் காதின் சபலம் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒரே ஒலி இரண்டு இடத்திலிருந்து வந்தால், எது முதலில் வருகிறதோ அந்தத் திசையைத்தான் காது நம்பும். வினாடியை ஆயிரம் கூறாக்கி, அதில் முப்பது கூறுக்குள் இரண்டாவது ஒலி வந்தால், அது சற்று உரக்க இருந்தாலும் காது அதைத் தனியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. அப்படியானால் தூரத்து ஒலிபெருக்கியைக் கொஞ்சம் காக்கவைத்தால் போதும் அல்லவா?

காக்கவைப்பது எப்படி? அங்கேதான் அவர்களுடைய சாமர்த்தியம் இருந்தது. ஒரு சக்கரத்தின் விளிம்பில் காந்தப் பூச்சைப் பூசிச் சுழலவிட்டார்கள். பிரசங்கியின் குரல் அதில் பதிவாகும். விளிம்பைச் சுற்றிச் சிறிது சிறிது தள்ளி வைத்திருந்த முனைகள் அதைப் படித்து, அருகிலுள்ள ஒலிபெருக்கிக்குச் சற்று முன்னும் தூரத்து ஒலிபெருக்கிக்குச் சற்றுப் பின்னுமாக அனுப்பும். சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் பழைய பதிவு அழிந்து புதியது ஏறும். ஒலிபெருக்கிகளையும் நெட்டையான தூண் வடிவத்தில் செய்து நிறுத்தினார்கள். ஒலி விசிறிபோல் ஜனங்களின் காது மட்டத்தில் பரவும். மேலே கோபுரத்துக்குள் ஏறிக் கல்லைக் கிளப்பாது.

இந்தச் சக்கரத்தை நினைத்தால் எனக்கு ஒரே வியப்பு. அதுவரையில் ஒலிப்பதிவு என்பது வராதவரின் சொத்து. இங்கே அதே யந்திரம் கடைசி பெஞ்சுக்காரருக்காக வேலை செய்தது. டெம்பிள் தேவாலயத்துப் பதிவு பரம்பரைக்கு. செயின்ட் பால் பதிவு கண் இமைக்கும் நேரத்துக்கு!

பிறகு கம்பியில்லாத மைக் வந்தது. பிரசங்கி மேடையை விட்டு இறங்கி ஜனங்களுக்கிடையே நடக்கலாயிற்று. ஆனால் கம்பி போன இடத்தில் புதிய எஜமானன் ஒருவன் வந்து உட்கார்ந்தான். அவன் பெயர் அலைவரிசை. டெலிவிஷனுக்கு ஒதுக்கிய அலைவரிசைகளின் சந்துபொந்துகளில்தான் இந்த மைக்குகள் ஒண்டிக் குடித்தனம் செய்துவந்தன. செல்போன் கம்பெனிகள் அந்த இடத்தை விலைக்குக் கேட்டபோது, சர்க்கார்கள் ஒண்டுக்குடித்தனக்காரர்களைக் காலி செய்யச் சொல்லின. அமெரிக்காவில் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியை 2010 ஜூன் 12-ந் தேதிக்குள்ளும், 600 மெகாஹெர்ட்ஸின் பெரும்பகுதியை 2020 ஜூலை 13-ந் தேதிக்குள்ளும் விட்டுவிட வேண்டியதாயிற்று. பழுதே இல்லாத மைக்குகளைப் பரணில் போட்டுவிட்டுப் புதியவை வாங்க உண்டியலைக் குலுக்கிய சபைகள் பல.

கலவை மேஜையும் மாறிவிட்டது. 2012-ல் மாக்கி என்ற கம்பெனி, ஒரு ஐபேடைக் கையில் வைத்துக்கொண்டு கம்பியில்லாமலே இயக்கும் கலவை யந்திரத்தைக் கொண்டுவந்தது. அங்கி போட்டு ஒளித்துவைத்த பொறியாளர் இப்போது எழுந்து நடக்கிறார். கடைசி பெஞ்சில், காது மந்தமான பாட்டியம்மாளின் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவளுக்குக் கேட்கும் ஒலியைத் தன் காதால் கேட்டுச் சரிசெய்கிறார். செயின்ட் பாலில் ஒரு சக்கரம் சுற்றிச் செய்த வேலை, அவர் விரல் நுனியில் ஓர் எண்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். கூடத்தில் இருப்பவருக்கு ஆர்கனைப் பெருக்கிக் கொடுக்க வேண்டியதில்லை; அது தானே முழங்கும். பாடகர் குழுவுக்கும் பெரும்பாலும் மைக் வேண்டாம். ஆகவே கூடத்துக் கலவையில் பிரசங்கியின் குரல் மட்டுமே பிரதானம். அதையே அப்படியே பதிவு செய்து வீட்டில் கேட்டால், பிரசங்கம் காதுக்குள் இடிக்கும். பாட்டோ அடுத்த தெருவில் பாடுவதுபோல் கேட்கும். இரண்டு காதுக்கும் ஒரே கலவை உதவாது. புதிய யந்திரங்கள், ஒரே மைக்கின் ஒலியைப் பிரித்துக் கூடத்துக்கு ஓர் அளவிலும் பதிவுக்கு வேறோர் அளவிலும் கொடுக்கின்றன. வழக்கில் முதன்முறையாகச் சமரசத்துக்கு வழி பிறந்தது.

அந்தச் சமயத்தில் 2020 வந்தது. கொரோனா நோயினால் இங்கிலாந்தில் தேவாலயங்களைப் பூட்டினார்கள். அந்த வருஷத்து ஈஸ்டர் ஆராதனையைக் கான்டர்பரி ஆர்ச்பிஷப் தம் சமையலறையிலிருந்து நடத்தினார். கடைசி பெஞ்சில் யாருமே இல்லை. எல்லாரும் வராதவர்களாகிவிட்டோம். பதிவு செய்வதற்கென்று எத்தனையோ சபைகள் அவசர அவசரமாகப் புதிய சாதனங்களை வாங்கின. வார்த்தை தெளிவாகக் கேட்டது. ஆனால் வெறும் பெஞ்சுகளுக்கு முன்னே பதிவான அந்த ஆராதனைகளில், ஆமென் சொல்ல ஆள் இல்லை; பாட்டுக்கு எழுந்திருக்கும்போது பெஞ்சு கிறீச்சிடவில்லை; இருமல் இல்லை; குழந்தை அழவில்லை. 1923-ல் ஆபியின் பெரியவர்கள் பயந்தது இதைத்தானோ என்று எனக்குத் தோன்றியது.

ஆகையால், தேவாலயங்களில் ஒலிச் சாதனங்களைப் புதுப்பிக்கிறவர்களுக்கு வழக்கின் இரு கட்சிக்காரர் சார்பிலும் ஒரே ஒரு மனு. பிரசங்கிக்கு நல்ல மைக் வாங்குங்கள்; வேண்டாம் என்று யார் சொல்லப்போகிறார்கள்? ஆனால் இன்னொரு மைக்கை ஜனங்களைப் பார்த்துக் கூரையிலே தொங்கவிடுங்கள். கூடத்து ஒலிபெருக்கிக்கு அது வேண்டாம். பதிவுக்கு மட்டும் அதைத் திறந்துவையுங்கள். டெம்பிள் தேவாலயத்தில் 1927-ல் தட்டில் ஏறிய கல்லின் குரல் அதன் வழியாகத்தான் உள்ளே வரும். அதை மூடிவைத்துவிட்டால், ஐம்பது வருஷம் கழித்துக் கேட்கிறவருக்கு அன்றைய பிரசங்கம் முழுவதும் கிடைக்கும். அன்று கோவிலில் யாராவது இருந்தார்களா என்பது மட்டும் தெரியாது.