மக்கார்தர் குடும்பமும் கேம்டன் பார்க் கல்லறைத் தோட்டமும்

மக்கார்தர் குடும்பம் ஆஸ்திரேலியாவில் ஆங்கிலேயர் குடியேறிய தொடக்க ஆண்டுகளிலேயே மெரினோ ஆடு வளர்த்து, கம்பளி ஏற்றுமதிக்கு வழி திறந்த வேளாண் குடும்பம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் சிட்னிக்குத் தென்மேற்கே கேம்டன் பார்க் பண்ணைக் குன்று ஒன்றில் இவர்களுடைய தனிக் கல்லறைத் தோட்டம் உள்ளது.

படை அதிகாரியான ஜான் மக்கார்தர், மனைவி எலிசபெத்துடனும் கைக்குழந்தையுடனும் 1790இல் சிட்னியில் வந்திறங்கினார். 1793இல் பரமட்டாவில் 100 ஏக்கர் மானியம் கிடைத்தது. அந்தப் பண்ணைக்கு மனைவியின் பெயரையே வைத்தார். ஜான் லேசில் யாரோடும் ஒத்துப்போகாதவர். 1801இல் தம் மேலதிகாரியோடு துப்பாக்கிச் சண்டையிட்டு அவரைக் காயப்படுத்தியதால், விசாரணைக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். விசாரணைக்குப் போனவர் ஆதாயத்தோடு திரும்பினார்: அரச மந்தையிலிருந்து ஏலத்தில் எடுத்த மெரினோ ஆடுகளும், 5,000 ஏக்கருக்கான உத்தரவும் 1805இல் அவரோடு வந்தன.

கேம்டன் பார்க் பண்ணைக்காக அவர் தேர்ந்தெடுத்த இடம், 1788இல் குடியேற்றத்திலிருந்து தப்பியோடிய மாடுகள் கட்டவிழ்ந்து பெருகிக் கிடந்த புல்வெளி. அது தாராவல் மக்களின் நிலம். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பக்கத்து ஆப்பினில் 1816இல் ஆளுநர் அனுப்பிய படையினர் அம்மக்களில் குறைந்தது 14 பேரைக் கொன்றனர்.

1808இல் ஆளுநர் பிளையைப் பதவியிலிருந்து இறக்கிய கலகத்தில் ஜானுக்குப் பெரும் பங்கு உண்டு. அதனால் 1809இல் இங்கிலாந்து சென்றவரால் 1817 வரை திரும்ப முடியவில்லை. அந்த ஆண்டுகளில் பண்ணைகளை நடத்தியவர் எலிசபெத். எந்தக் கிடாயை எந்த மந்தையில் விடுவது என்று முடிவு செய்வதும், கைதித் தொழிலாளர்களை வேலை வாங்குவதும், கம்பளியைக் கப்பலேற்றுவதும் அவர் பொறுப்பு. மயிர் கத்தரிப்பதற்கு முன் ஆடுகளை ஓடையில் இறக்கிக் கழுவுவது அக்கால வழக்கம். அழுக்கு போகாத கம்பளிக்கு லண்டனில் நல்ல விலை கிடைக்காது. 1822இல் லண்டன் கலைச் சங்கம் ஜானுக்குத் தங்கப் பதக்கங்கள் அளித்தது. 1966இல் வந்த இரண்டு டாலர் தாளிலும் ஜான் முகமும் ஒரு மெரினோ கிடாயும்தான், எலிசபெத் இல்லை. ஆஸ்திரேலியக் கம்பளியின் தந்தை என்று ஜானை மட்டும் சொல்லிப் பழகியது பாதிக் கணக்கு.

1832இல் ஜான் மனநலம் குன்றியவராக அறிவிக்கப்பட்டார். மனைவி மீது ஆதாரமற்ற சந்தேகம் கொண்டு அவரை விலக்கியும் வைத்தார். கட்டடக் கலைஞர் ஜான் வெர்ஜ் வடிவமைத்த கேம்டன் பார்க் மாளிகை 1835இல் முடிந்தது. உரிமையாளர் அதைப் பார்க்கவில்லை. 1834 ஏப்ரல் 11 அன்று இறந்த அவர் பண்ணையிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அப்போது கேம்டனில் தேவாலயம் இல்லை. குடியேற்றக் குடும்பங்கள் சொந்த நிலத்தில் புதைத்ததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆனால் இங்கு அது மட்டுமே காரணம் அல்ல. மக்கார்தர் குடும்ப ஆதரவில் எழுந்த புனித யோவான் தேவாலயம் 1849இல் அர்ச்சிக்கப்பட்டது. மறு ஆண்டு பிப்ரவரியில் சிட்னி துறைமுகத்தை ஒட்டிய வாட்சன்ஸ் பேயில் 83 வயதில் இறந்த எலிசபெத்தைக் குடும்பத்தார் அந்தத் தேவாலயத்தில் புதைக்காமல் பண்ணைக்கே கொண்டுவந்தனர். பின்வந்த தலைமுறையினரும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டனர்.

பண்ணையின் ஒரு பகுதி இன்று அரசிடம் உள்ளது. அதில் பழைய பெல்ஜென்னி பண்ணைக் கட்டடங்களும், எலிசபெத் மக்கார்தர் பெயரிலான வேளாண் ஆய்வு நிலையமும் இருக்கின்றன. மாளிகை வழித்தோன்றல்களிடமே இருக்கிறது.